முதல் அறிமுகத்துக்கு ஒரு பயிற்சிக்களம்: டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள்

புதியவர்கள் முன் வாயடைத்து நிற்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேரும்படி அறிவுரை கூறுவோர் பலர். மேடைப் பேச்சுக்கான அமைப்பாகவே அறியப்பட்ட ஒன்று, நேர்முகத் தேர்வு அறையிலோ புதிய அலுவலகத்தின் முதல் நாளிலோ சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகப் பார்க்கும்போதோ எவ்வளவு கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். அதன் கூட்டங்களைக் கவனித்தவன் என்ற முறையில், பெருமளவு கைகொடுக்கும் என்பதே என் கருத்து. ஆனால் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் அன்று.

1924ஆம் ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய குழு, இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. சென்னையில் பெரும்பாலான மன்றங்கள் ஆங்கிலத்தில் இயங்கினாலும், தமிழிலேயே நடப்பவையும் உண்டு. சிங்கப்பூரிலும் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன. சம்பளம் பெறும் ஆசிரியர் எவரும் இல்லை. உறுப்பினர்களே முறைவைத்துப் பொறுப்பேற்று ஒருவருக்கொருவர் பயிற்சி அளித்துக்கொள்கிறார்கள்.

பயிற்சி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. வரும் விருந்தினரை எதிர்கொண்டு வரவேற்று, பெயர் கேட்டு, இருக்கை காட்டி, அருகில் இருப்பவருக்கு அறிமுகப்படுத்தி வைப்பது அங்கே ஒரு பொறுப்பாளரின் வேலை. இதைச் சாதாரண உபசரிப்பாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. கூச்ச சுபாவம் உள்ள ஒருவர் சில மாதங்கள் இந்தப் பொறுப்பை ஏற்றால், முன்பின் தெரியாதவரிடம் முதல் சொல்லைத் தாமே பேசும் பழக்கம் அவருக்குக் கடமையின் பெயரால் வந்துவிடுகிறது. தாம் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலையை விட்டு, வந்தவர் சங்கடமின்றி இருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்குபவரின் முகமே மாறிவிடுவதைக் கண்கூடாகக் காணலாம். எந்தச் சொற்பொழிவுப் பயிற்சியைவிடவும் இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது, முன்னறிவிப்பின்றித் தரப்படும் தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை பேசும் பகுதி. எழுந்து முன்னால் நடந்து செல்லும் சில அடிகள்தான் சிந்திப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். புதியவர் கேட்கும் எதிர்பாராத கேள்விக்கு நாம் தரும் பதிலும் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்பதால், நிஜ வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பகுதியே. பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்கள் வழியே நேரம் காட்டப்படுவதால், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேச்சை இழுத்துக்கொண்டே போகும் பழக்கமும் மெல்லக் கழன்றுவிடுகிறது. ‘வந்து’, ‘அதாவது’ போன்ற ஒட்டுச்சொற்களையும் ஒருவர் எண்ணிச் சொல்கிறார். முதலில் மனம் சுருங்கினாலும், சொல் கிடைக்காத இடத்தில் மௌனமாக ஒரு கணம் நிற்கலாம் என்பதை இந்தக் கணக்கே கற்றுத் தருகிறது.

உறுப்பினரின் முதல் உரை, தம்மைப் பற்றி 4 முதல் 6 நிமிடம் பேசும் அறிமுக உரை. பிறந்த ஊர், படிப்பு, வேலை என்று வரிசையாக ஒப்பித்தால் எவர் மனத்திலும் நிற்காது என்பதும், ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து சொன்னால் நிற்கும் என்பதும் அவையின் முகங்களைப் பார்த்தே புரிந்துவிடும். ஆயினும் நேர்ச்சந்திப்பில் ஆறு நிமிடம் தம்மைப் பற்றியே பேசுபவரை யாரும் விரும்புவதில்லை. இந்த உரையைத் தயாரித்த பின், அதையே அரை நிமிடமாகச் சுருக்கி வைத்துக்கொள்வது உறுப்பினர் தாமாகச் செய்துகொள்ள வேண்டிய வேலை.

பேச்சுக்கு முந்திய கணமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டொடோரோவ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற முகத்தைப் பத்தில் ஒரு நொடி மட்டும் பார்த்தவர்களின் மதிப்பீடு, நேரக் கட்டுப்பாடின்றிப் பார்த்தவர்களின் மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்திருந்தது. அந்த மதிப்பீடு உண்மையானது என்று இதற்குப் பொருளில்லை. அவ்வளவு விரைவில் அது உருவாகிவிடுகிறது என்பதே செய்தி. மன்றத்தில் ஒருவரை முன்னால் வந்து பேச அழைத்தவர், அவர் வந்து சேரும்வரை காத்திருந்து கைகுலுக்கிய பிறகே இடத்தை விட்டு விலகுகிறார். கூட்டந்தோறும் இது நடப்பதால், நிமிர்ந்து நடப்பதும் கண் பார்த்துச் சிரிப்பதும் நினைத்துச் செய்ய வேண்டியவையாக இல்லாமல் இயல்பாகின்றன.

குறை என்று எனக்குப் படுவது, இந்த அமைப்பில் பெரும்பகுதி பேசுவதற்கே ஒதுக்கப்பட்டிருப்பது. முதல் சந்திப்பில் பாதி வேலை கேட்பது. மேலும், பெரியவர் முன் கை நீட்டுவதா, கைகூப்பி வணக்கம் சொல்வதா என்பதும், ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்ற நம் வழக்கமான கேள்வியிலிருந்து பேச்சை எப்படி வளர்ப்பது என்பதும், அந்தக் கேள்வி எந்த இடத்தில் சாதியைத் துருவுவதாக மாறி எதிரில் இருப்பவரைப் புண்படுத்தும் என்பதும் அங்கே உள்ள பாடத்திட்டத்தில் கிடைக்காது. இவற்றை நம் சமூகத்திலிருந்துதான் கற்க வேண்டும்.

கேட்கும் திறனுக்கு மட்டும் உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. பிறர் உரையைக் கூர்ந்து கேட்டு, அதன் நிறைகளையும் திருத்தங்களையும் அவர் முன்னிலையிலேயே 2 முதல் 3 நிமிடத்தில் மனம் நோகாமல் சொல்லும் மதிப்பீட்டாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டு உரைகளை மட்டும் முடித்துச் செல்பவர் நல்ல பேச்சாளராகலாம். நல்ல அறிமுகம் அவருக்கு எளிதில் வசப்படாது.

தொண்டர்களால் நடப்பதால் தரம் மன்றத்துக்கு மன்றம் மாறும். பொதுவாக விருந்தினரிடம் கட்டணம் கேட்பதில்லை, பேசும்படி வற்புறுத்துவதும் இல்லை. ஆகவே சந்தா கட்டும் முன் இரண்டு மூன்று மன்றங்களுக்குச் சென்று வாருங்கள். வாசலில் உங்களை யார் எப்படி எதிர்கொண்டார்கள், மதிப்பீட்டாளர் வெறும் பாராட்டோடு நிறுத்திக்கொண்டாரா, திருத்தமும் சொன்னாரா என்ற இரண்டையும் பார்த்தால் போதும், எந்த மன்றத்தில் சேரலாம் என்று முடிவு செய்துவிடலாம்.