சேபனின் நாற்காலிக்கு ஆறு பேர்

2024 ஜனவரி 10, புதன்கிழமை சாயங்காலம் அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் தன் ஆட்டக்காரர்களை அழைத்து, இத்துடன் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் அவர் நாற்காலியில் வேறொருவர். நடுவில் கிடைத்த அந்த இரண்டு நாளில் அலபாமா ரசிகர்கள் தங்களுக்குள் போட்ட சண்டையைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஆறு பெயர்கள். ஆறு பேருக்கும் வக்கீல் இருந்தார்கள், ஆறு பேருக்கும் எதிரிகளும் இருந்தார்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்கக் கால்பந்து, அதிலும் கல்லூரி ஆட்டம். அலபாமா மாநிலத்தில் தொழில்முறை என்.எஃப்.எல். அணி கிடையாது. அதனால் டஸ்கலூசாவில் இருக்கும் பல்கலைக்கழக அணிதான் பாதி மாநிலத்துக்கு எல்லாம். மீதிப் பாதி, அதே மாநிலத்தின் போட்டிப் பல்கலைக்கழகமான ஆபர்ன் பக்கம். ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம். சேபன் அங்கே இருந்தது 17 சீசன், வென்றது 6 தேசியப் பட்டங்கள். ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலருக்கு மேல். அவருக்குப் பிறகு யார் வந்தாலும் முதல் தோல்வியன்றே 'சேபன் இருந்திருந்தால்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேலையே அப்படிப்பட்டது.

ஆறு பேரில் இருவரைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம்.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் நார்வெல் பெயர் அடிபட்டதே ஒரு வேடிக்கை. 2023-இல் அவருடைய அணி 13 ஆட்டமும் ஜெயித்தும், தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் நான்கு அணிப் பிளேஆஃபுக்குத் தேர்வாகவில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் காலை உடைத்துக்கொண்டார் என்ற காரணம் சொல்லி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு அந்த நான்காவது இடத்தைக் கொடுத்தார்கள். இடத்தைப் பறிகொடுத்தவரையே கூப்பிட்டு 'வாங்க, நம்ம அணியைப் பாருங்க' என்பதா? அதற்கப்புறம் ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று வாங்கினார்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 63–3. நார்வெல் தன் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே தங்கிவிட்டார்.

கிளெம்சனின் டாபோ ஸ்வீனி வேறு ரகம். அலபாமா மாநிலத்துக்காரர். 1992-இல் பட்டம் வென்ற அலபாமா அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேர்ந்து ஆடியவர், பிறகு அங்கேயே உதவிப் பயிற்சியாளர். கிளெம்சனில் வாங்கிய இரண்டு தேசியப் பட்டமும் இறுதி ஆட்டத்தில் சேபனை அடித்து வாங்கியது: 35–31, 44–16. அவர் அலபாமாவுக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில், அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் விலகல் தொகை (ஒப்பந்தம் முடியும் முன் போனால் கட்டவேண்டிய பணம்) அதிகம் என்று கிளெம்சன் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தது. இந்த விவாதம் 2019-இல் நடந்திருந்தால் வேறு பேச்சே இருந்திருக்காது. ஆனால் மற்ற கல்லூரிகளிலிருந்து ஆட்டக்காரர்களை இழுத்துவரும் டிரான்ஸ்ஃபர் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரே அந்தச் சந்தையில் வாங்கிக் குவிக்கும்போது அவர் தள்ளி நின்றார். 2023-இல் 9 வெற்றி, 4 தோல்வி. பழைய பாசத்தில் கேட்டவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான்.

லேன் கிஃபினை அப்படித் தள்ள மனசு வரவில்லை. ஆட்டத்தின் வேடிக்கை மனிதர் அவர். சேபனிடம் 2014 முதல் 2016 வரை அஃபென்ஸை, அதாவது புள்ளி எடுக்கும் தாக்குதல் ஆட்டத்தை, பார்த்துக்கொண்டார். கோட்டோரத்தில் சேபன் அவரை வறுத்தெடுப்பது டிவியில் ஒரு தனி நிகழ்ச்சி மாதிரி ஓடும். கடைசியில் 2017 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வழியனுப்பிவிட்டார்கள். 2023-இல் ஓலே மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழக அணியை 11–2 என்று கொண்டுவந்திருந்தார். 'சேபனுக்கு நேர் எதிரான ஆளைப் போடுவோம், ஒப்பிடவே முடியாது' என்றார்கள் அவர் கட்சிக்காரர்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. எதிர்க்கட்சி சொன்னதும் எளிமையானதுதான்: ஓலே மிஸ்ஸிலிருந்து சேபனோடு நான்கு முறை மோதி நான்கிலும் தோற்றவர், அதோடு டென்னசியை ஒரே வருஷத்தில் விட்டுவிட்டு ஓடியவர், நம்மையும் விட்டுப் போவார். இந்த இரண்டாவது வாதத்தை அன்று கொஞ்சம் அநியாயம் என்று நினைத்தேன். 2025 நவம்பர் கடைசியில், தன் அணி பிளேஆஃபை நெருங்கி நின்ற நேரத்தில், அவர் எல்.எஸ்.யூ. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது அந்த நினைப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அந்த 2017 வாரத்தில் கிஃபின் விட்ட வேலையில் உட்கார்ந்தவர் ஸ்டீவ் சார்கீசியன். அதற்கு முன்பு யு.எஸ்.சி. என்ற தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் கிஃபினை அனுப்பிய பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் இவரே. 2015-இல் குடிப்பழக்கத்தால் யு.எஸ்.சி. வேலை போனது, எல்லோரும் முடிந்தது என்று நினைத்த ஆளைச் சேபன் 2016-இல் கூட்டிவந்தார். 2020-இல் சார்கீசியன் அஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட அலபாமா 13–0, தேசியப் பட்டம், டெவான்டா ஸ்மித்துக்குச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. அடுத்த வருஷம் டெக்சஸின் தலைமைப் பயிற்சியாளர். அங்கே 5–7, 8–5, 12–2 என்று ஒவ்வொரு படியாக ஏறினார். 2023 செப்டம்பரில் டஸ்கலூசாவுக்கே வந்து சேபனை 34–24 என்று ஜெயித்தும் காட்டினார்.

பொருத்தம் மட்டும் பார்த்தால் என் ஓட்டு அவருக்குத்தான். வீட்டின் மூலை முடுக்கு தெரியும், தென்மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கத் தெரியும், விழுந்து எழுந்த அனுபவமும் உண்டு. ஆனால் அவர் ஏன் வரவேண்டும்? டெக்சஸ் பணத்தில் அலபாமாவுக்கு இளைத்ததல்ல. அந்த ஜூலையில் அதுவும் அலபாமா ஆடும் எஸ்.இ.சி. லீக்குக்குள் வரப்போகிறது. மூன்று வருஷம் கட்டிய வீட்டில் பால் காய்ச்சும் நேரத்தில் யாராவது அடுத்த தெருவுக்குக் குடிபோவார்களா?

டேன் லேனிங்தான் இளைஞர்களின் வேட்பாளர். வயது 37. 2015-இல் அலபாமாவில் கடைநிலை உதவியாளர், பிறகு ஜார்ஜியாவில் டிஃபென்ஸ் பொறுப்பு, 2021 சீசனின் தேசியப் பட்டம், அப்புறம் ஆரிகன். அங்கே இரண்டு சீசனில் 22–5. விலகல் தொகை 2 கோடி டாலர். அலபாமா அதையும் கொடுக்கும் என்று நம்பியவர்கள் ஏராளம். சேபன் விலகிய மறுநாளே ஒரு வீடியோ போட்டு, நான் ஆரிகனை விட்டு நகரப்போவதில்லை என்று அவர் முடித்துவிட்டார். இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வரும்: 2006 டிசம்பரில், அலபாமா கோச்சாக நான் போகப்போவதில்லை என்று மயாமி டால்ஃபின்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியில் இருந்துகொண்டு அடித்துச் சொன்னவர் சேபன். இரண்டே வாரத்தில் டஸ்கலூசாவில் விமானம் இறங்கியது. அதனால் வீடியோவை நம்பாதவர்களையும் குறை சொல்ல முடியாது. லேனிங் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மிச்சமிருந்தவர் வாஷிங்டனின் கேலன் டிபோர். சவுத் டகோட்டாக்காரர், சேபனோடு ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இரண்டு நாள் முன்புதான் தேசிய இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 34–13 என்று தோற்றிருந்தார். தலைமைப் பயிற்சியாளராக மொத்தக் கணக்கு 104–12. இந்த எண்ணை வைத்துத்தான் பெரிய சண்டை.

அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 104-இல் 67 வெற்றி, சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் வந்தது. அங்கே 67–3, மூன்று பட்டம், ஆனால் அது என்.ஏ.ஐ.ஏ. என்ற சின்னக் கல்லூரிகளின் தனி உலகம். நம்ம ஊர்க் கணக்கில் ரஞ்சிக்கும் கீழே. கழித்துவிட்டால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் 12–6, வாஷிங்டனில் 25–3, ஆக 37–9. இதுவும் சின்ன எண் இல்லை, குறிப்பாக 2021-இல் 4–8 என்று கிடந்த வாஷிங்டனை எடுத்து நிறுத்தியவர் என்னும்போது. ஆனால் 104–12 என்று கத்தியவர்களும் 'கிராமத்து டீம் கோச்' என்று கிண்டல் அடித்தவர்களும் ஒரே எண்ணின் இரண்டு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. அலபாமா ரசிகர்கள் முதலில் ஆசைப்பட்ட லேனிங்கோடு டிபோர் மூன்று முறை மோதினார், சார்கீசியனோடு இரண்டு முறை. ஐந்திலும் ஜெயித்தது டிபோர்: 37–34, 36–33, 34–31, 27–20, 37–31. போட்டியில் இருப்பவர்களை நேருக்கு நேர் ஐந்துக்கு ஐந்து அடித்தவரை மூன்றாவதாக வைப்பது என்ன நியாயம் என்று அவர் ஆட்கள் கேட்டார்கள். பதில் சொல்லத் திணறியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் அந்த ஸ்கோர்களைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து வெற்றிக்கும் சேர்த்து வித்தியாசம் 22 புள்ளிதான். ஒரு ஆட்டம்கூட, கூடுதல் புள்ளியோடு சேர்த்து ஏழு வரும் ஒரு டச்டவுன் தூரத்தைத் தாண்டவில்லை. 2022-இல் சமநிலையில் இருக்கும்போது லேனிங் தன் பாதி மைதானத்திலேயே நான்காவது டவுனில் (கடைசி முயற்சி, தவறினால் பந்து எதிரணிக்கு) ரிஸ்க் எடுத்தார். ஓடிய பையன் வழுக்கி விழுந்தான். 2023 அக்டோபரில் மூன்று முறை நான்காவது டவுனில் முயன்று மூன்றும் போனது. கடைசி நொடியில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கவேண்டிய 43 யார்டு ஃபீல்டு கோலும் வெளியே போனது. அந்த சீசனின் அரையிறுதியான சுகர் பவுலில் டெக்சஸின் கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளே வந்து, வாஷிங்டன் ஆட்டக்காரர் தட்டிவிட்டதில் விழுந்தது. இதை அதிர்ஷ்டம் என்றால் ஐந்து முறையும் ஒரே பக்கமா அதிர்ஷ்டம் அடிக்கும்? திறமை என்றால், அதில் பாதி லேனிங்கின் அவசரமும் சேர்ந்துதானே? நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். நெருக்கடியில் கலங்காத ஆள் டிபோர் என்பதை இது காட்டுகிறது. அவர் மற்றவர்களைவிட ஒரு படி உயரம் என்பதைக் காட்டவில்லை.

எதிர்ப்பாளர்கள் சொன்னதில் கனமான வாதம் ஒன்றுதான்: தெற்கில் ஆட்டக்காரர்களைத் திரட்டிய அனுபவம் அவருக்கு இல்லை. வாஷிங்டனின் நட்சத்திரமான குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ், 2019-இல் டிபோர் இண்டியானாவில் உதவியாளராக இருந்தபோதே அவரிடம் ஆடியவர், அந்தப் பழக்கத்தில் பின்தொடர்ந்து வந்தார். ஆனால் பதினேழு வயசுப் பையன்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜார்ஜியாவோடு ஏலம் போடுவது வேறு வித்தை.

'சேபன் வீட்டு ஆள்தான் வேண்டும்' என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவே இல்லை. அலபாமாவின் சொந்தச் சரித்திரமே அதற்கு எதிர்சாட்சி. 6 பட்டம் வென்ற பழைய கோச் 'பேர்' பிரயன்ட் 1982-இல் விலகியபோது, அவரிடம் ஆடிய ரே பெர்கின்ஸைக் கொண்டுவந்தார்கள். நான்கு வருஷம், பட்டம் இல்லை, கிளம்பிவிட்டார். அடுத்து வந்த பில் கரி ஜார்ஜியா டெக் ஆள், வெளியார். மூன்று வருஷத்தில் 26–10, ஆனால் ஆபர்னை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஒரு தோல்விக்குப் பிறகு அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் விழுந்தது. பிறகு பிரயன்டின் சீடர் ஜீன் ஸ்டாலிங்ஸ் வந்து 1992-இல் பட்டம் வாங்கினார். சரி, உள்வீட்டுக்காரர் ஜெயித்தார் என்பீர்கள். அதே உள்வீட்டிலிருந்துதான் மைக் டுபோஸும் மைக் ஷூலாவும் வந்தார்கள். அந்த வருஷங்களை டஸ்கலூசாவில் யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. சேபன்? அவருக்கும் அலபாமாவுக்கும் 2007-க்கு முன்பு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரசிகர்கள் இப்படி ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்க, விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பர்ன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய விதிப்படி, கோச் போனால் ஆட்டக்காரர்களுக்கு 30 நாள் கதவு திறந்துவிடும். யாரும் எங்கும் போகலாம் என்று இருந்தது. 72 மணி நேரம் பொறுங்கள் என்று பையன்களிடம் கேட்டிருந்தார். 49 மணி நேரத்தில் டிபோரை முடித்தார். வாஷிங்டனுக்கு 1.2 கோடி டாலர் விலகல் தொகை. டிபோருக்கு எட்டு வருஷம், 8.7 கோடி. அவ்வளவு வேகத்திலும் கேலெப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் ஐசாயா பாண்ட் டெக்சஸுக்கும் போய்விட்டார்கள். மைதானத்தின் இந்தப் பக்கம் நின்று பேசும் நமக்கு ஆறு பேர். பர்ன் கையில் நிஜமாக வரக்கூடியவர்கள் அவ்வளவு பேர் இருந்திருக்க மாட்டார்கள். வரக்கூடியவர்களில் சிறந்தவர் யார் என்று கேட்டால், டிபோர் சரியான தேர்வு என்றுதான் இன்றும் சொல்வேன்.

அப்புறம் நடந்தது யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. 2024-இல் ஜார்ஜியாவை 41–34 என்று ஜெயித்த அலபாமா, அடுத்த சனிக்கிழமையே வாண்டர்பில்ட்டிடம் 40–35 என்று தோற்றது. வாண்டர்பில்ட்டின் ஊரான நாஷ்வில்லில் ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். சீசன் முடிவில் 9–4. சேபனின் முதல் சீசன் 7–6, லூசியானா–மன்ரோவிடம் தோல்வி உட்பட என்பதை ஞாபகப்படுத்தியவர்களை யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. லேனிங் அதே வருஷம் 13–1. சார்கீசியன் 13–3, அரையிறுதி வரை. நார்வெல் 2–10. அதே நார்வெல்தான் 2025-இன் முதல் ஆட்டத்தில் டிபோரின் அலபாமாவை 31–17 என்று அடித்தார்!

அதிலிருந்து எழுந்து அலபாமா பிளேஆஃபுக்குள் நுழைந்தது, ஓக்லஹோமாவை ஜெயித்தது, 2026 புத்தாண்டு அன்று ரோஸ் பவுலில் இண்டியானாவிடம் 38–3 என்று சுருண்டது. இண்டியானாவின் கோச் கர்ட் சிக்னெட்டி. 2007-இல் சேபன் டஸ்கலூசாவில் முதன்முதலில் சேர்த்த உதவியாளர்களில் ஒருவர், நான்கு சீசன் அவரோடு இருந்தவர். சேபன் ஓய்வை அறிவிப்பதற்கு ஆறு வாரம் முன்புதான் இண்டியானா அவரை வேலைக்கு எடுத்திருந்தது. அந்த ஜனவரியில் 'நம்ம வீட்டு ஆள்' என்று நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.