34 பல் கேசட் மாட்டும் முன் டீரெய்லரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவதற்காக கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை) மாற்றப் போய், டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பாகம்), அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர், நான்கு ஸ்போக் கம்பி எல்லாம் போய்விட்டது. கோவையில் ரோடு பைக் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இப்போது 11-34, அதாவது சின்னதில் 11 பல்லும் பெரியதில் 34 பல்லும் உள்ள கேசட், மாட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடைய கியர் செட் ஷிமானோ 105, ஆர்7000 வரிசை. முன்னால் 50/34, பின்னால் 11-28. கோத்தகிரிச் சாலையில் 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், 28 பல்லோடு எனக்கு முழங்கால் தாங்கவில்லை. ஊரில் பெயர் பெற்ற கடை ஒன்றில் 34 பல் கேசட் கேட்டேன். "இந்த டீரெய்லர் தாங்குமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா, பி ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ள குடுத்தாப் போதும்" என்றார் மெக்கானிக். அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார், செயின் பழையதே. முன்னால் சின்னச் சக்கரத்தில் வைத்துத் தந்திருந்தார். அப்படியே தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன், எல்லா கியரும் ஒழுங்காக விழுந்தது.

ஞாயிறு விடியலில் மேட்டுப்பாளையம் வரை பெரிய சக்கரத்திலேயே வந்தேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில், முன்கியரை இறக்குவதற்குள் பின்னால் பெரிய 34 பல்லுக்குத் தட்டிவிட்டேன். செயின் ஒரேயடியாக விறைத்தது. டீரெய்லர் முன்பக்கமாக இழுபட்டு, ஹேங்கர் முறிந்து, கேஜ் (டீரெய்லரின் கீழே தொங்கும் கை) ஸ்போக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் காலை ஊன்றித் தப்பித்தேன். பின்னால் வந்த நண்பர் நூலிழையில் விலகினார்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஆர்7000 டீரெய்லரில் இரண்டு வகை உண்டு. கேஜ் குட்டையாக இருப்பது எஸ்எஸ், நீளமாக இருப்பது ஜிஎஸ். எஸ்எஸ் வகைக்கு அதிகபட்சம் 30 பல், ஜிஎஸ் வகைக்கு 34. இதோடு செயின் தொய்வை எவ்வளவு இழுத்துக்கொள்ளும் என்றும் ஒரு அளவு இருக்கிறது. முன்னால் 50-இல் 34 போனால் 16, பின்னால் 34-இல் 11 போனால் 23, கூட்டினால் 39. ஜிஎஸ் தாங்குவது சரியாக 39. எஸ்எஸ் தாங்குவது 35. என்னிடம் இருந்தது எஸ்எஸ். பி ஸ்க்ரூ, கேஜில் செயின் ஓடும் இரண்டு சின்னச் சக்கரங்களில் மேலே இருக்கும் ஜாக்கி சக்கரத்தைப் பல்லிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். கேஜ் அதனால் நீளாது. டீரெய்லரைக் கீழே இறக்கி மாட்டும் ஹேங்கர் எக்ஸ்டெண்டர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. எஸ்எஸ் வகையில் 32 போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் 28 பல்லுக்கு அளந்து வெட்டிய செயினை அப்படியே விட்டு 34 மாட்டியது வெறும் அலட்சியம்.

திரும்பிப் போனதும் "பெரிசு-பெரிசு கியர்ல யாருங்ணா போடச் சொன்னது?" என்று பழியை என்மேல் போட்டார்கள். அந்த கியரில் யாரும் ஓட்டக் கூடாது என்பது சரிதான். ஆனால் கை தவறித் தட்டினாலும் செயின் தாங்கும்படி அளந்து போடுவது மாட்டுபவரின் வேலை.

அப்புறம் "பெரிய கேஜ்" என்று சொல்லி வேறொரு டீரெய்லர் மாட்டி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு கியரும் ஒழுங்காக நிற்கவில்லை, இரண்டு பல்லுக்கு நடுவே கடகடவென்று ஓடியது. மூன்று தடவை போய் ட்யூனிங் செய்தும் அப்படியேதான். கடைசியில் உக்கடம் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேஜின் உள்பக்கத்தைத் துடைத்து எண்ணைப் படித்துக் காட்டினார். ஆர்டி-எம்6000. அது எம்டிபிக்கான (மலைப்பாதை சைக்கிளுக்கான) 10 ஸ்பீட் டியோர், பின்னால் பத்துப் பல்சக்கரத்துக்கானது. ஒரு கிளிக்குக்கு ரோடு லீவர் இழுக்கும் கேபிள் அளவும் அந்த டீரெய்லர் கேட்கும் அளவும் வேறு. எத்தனை ட்யூனிங் செய்தாலும் அது சேராது. "எல்லாம் ஷிமானோதானே" என்று கடையில் சொன்னதை நம்பியிருந்தேன். பழைய பாகம் வாங்குபவர்களும் கவனியுங்கள்: ஷிமானோவின் இன்னொரு ரோடு வரிசையான டியாக்ரா 4700 பத்து ஸ்பீட்தான், ஆனால் அதன் கேபிள் இழுப்பு முந்தைய பத்து ஸ்பீட் ரோடு பாகங்களோடு ஒத்துவராது.

பணம் திரும்பக் கேட்டால் பில்லைக் காட்டச் சொன்னார்கள். பில்லில் "கியர் வேலை" என்று மட்டும் இருந்தது. மாடல் எண்ணும், எஸ்எஸ்ஸா ஜிஎஸ்ஸா என்பதும் பில்லில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெரியவர் ஜிஎஸ் வகையை வரவழைத்து மாட்டினார். புதுச் செயினை டீரெய்லருக்குள் விடாமல் முன்னும் பின்னும் பெரிய பற்களில் சுற்றி, அதற்குமேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டினார்.

ஏற்கெனவே எங்காவது 34 மாட்டியிருந்தால், ஓட்டிக்கொண்டே சோதிக்க வேண்டாம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் மெல்லச் சுற்றியபடி முன்னும் பின்னும் பெரிய பல்லுக்குக் கொண்டு போங்கள். கேஜ் முன்பக்கமாக நீண்டு செயின் விறைக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த சைக்கிளோடு மலைக்குப் போகாதீர்கள்.