காலி இருக்கைக்கு நிற்பவன்: சிங்கிள் ரைடர் வரிசையில் 2012 முதல்

உணவங்காடியில் கூட்ட நேரத்தில் தட்டை ஏந்திக்கொண்டு மேசை தேடியவர்களுக்கு இது புரியும். குடும்பமாக வந்தவர்கள் முழு மேசை காலியாகும்வரை நிற்பார்கள். தனியாக வந்தவன் மூன்று பேர் சாப்பிடும் மேசையில் மீதமிருக்கும் நாற்காலியைக் காட்டி “இங்கே ஆள் இருக்கா?” என்று கேட்டு உட்கார்ந்துவிடுவான். கேளிக்கைப் பூங்காவில், சவாரி வண்டியில் மிஞ்சும் ஒற்றை இருக்கைக்காகத் தனியாட்கள் நிற்கும் சிங்கிள் ரைடர் வரிசையும் இதேதான்.

சிங்கப்பூரின் செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கு நான் முதலில் போனது 2012-இல். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரி அதற்கு முந்தைய டிசம்பரில்தான் திறந்திருந்தது. உலகத்திலேயே முதலில் இங்கேதான் வந்தது என்பதால் கூட்டம் அப்படி. நண்பர்கள் நான்கு பேரோடு பொது வரிசையில் நின்று கால் கடுத்துப்போனது. பக்கத்திலேயே ஒரு சிறிய நுழைவாயிலில் ஒருவர் இருவராக உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். காசு கொடுத்துப் போகும் எக்ஸ்பிரஸ் வழி என்று நினைத்துவிட்டோம். அது காசே இல்லாத சிங்கிள் ரைடர் வரிசை என்று தெரிந்தது வெளியே வந்த பிறகுதான். அப்புறம் வருடாந்தர பாஸ் எடுத்தேன். ஷிஃப்ட் வேலை என்பதால் வார நாளில் விடுப்பு கிடைக்கும்; தனியாகப் போக ஆரம்பித்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் நான்கு நான்காக மூன்று வரிசை, மொத்தம் 12 பேர். அதே பூங்காவின் மம்மி சவாரியில் நான்கு வரிசை, 16 பேர். ஏறுமிடத்தில் ஊழியர் “எத்தனை பேர்?” என்று விரலைக் காட்டிக் கேட்பார். மூன்று பேர் குடும்பம் என்றால் ஓர் இடம் மிச்சம். பின்னால் நிற்கும் இன்னொரு குடும்பத்தைப் பிரித்து அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. வண்டியோ சில நொடிகளில் கிளம்பியாக வேண்டும். அந்த இடத்துக்குத்தான் தனியாள். இதனால் பொது வரிசையில் நிற்பவர் ஒரு நிமிடம்கூட இழப்பதில்லை; எப்படியும் காலியாகப் போயிருக்கும் இருக்கை அது. எக்ஸ்பிரஸில் வருபவருக்குக் கொடுக்கும் இருக்கை பொது வரிசைக்குப் போயிருக்க வேண்டியது. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு, என்னை முறைத்துப் பார்ப்பவர்களைக் கண்டு கூச்சப்படுவதை விட்டுவிட்டேன்.

பொது வரிசை ஒரு மணி நேரம் என்று பலகை காட்டும் நாளில் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பலமுறை ஏறியிருக்கிறேன். ஆனால் எப்போதும் அப்படி என்று நம்பிவிட வேண்டாம். இந்த வரிசையின் நீளத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட முடியாது. வண்டிக்கு ஓர் இடம்தான் மிஞ்சுகிறது என்றால், எனக்கு முன்னால் 30 பேர் நிற்கும்போது 30 வண்டிகள் போக வேண்டும். அதே 30 வண்டிகளில் பொது வரிசையிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் ஏறிவிடுவார்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ரகசியம் தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்க, பொது வரிசையே மேல் என்று நான் திரும்பியதும் உண்டு.

முன்னால் நிற்பவர்களைவிட, பக்கத்துப் பொது வரிசையில் யார் நிற்கிறார்கள் என்றுதான் இப்போது பார்ப்பேன். இதைக் கற்றுக் கொடுத்தது இரட்டை ரோலர் கோஸ்டர். அதில் இரண்டு தடங்கள்: சிவப்புத் தடமான ஹியூமன் உட்கார்ந்து போவது, நீலத் தடமான சைலான் கால் தொங்கப் போவது. 2013 ஜூலையில் மூடி, 2015 மே மாதம் திரும்பத் திறந்தபோது, வரிசைக்கு நான்கு இருக்கை என்றிருந்தது இரண்டாக மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு ஜோடிக்கு அடுத்து மூன்று பேர் குடும்பம் நின்றால், ஜோடிக்குப் பக்கத்தில் இரண்டு இடம் காலி. என்னைப் போல் இருவருக்கு வாய்ப்பு. இப்போது ஜோடி உட்கார்ந்தால் வரிசை நிறைந்தது. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் யாராவது வந்தால்தான் எனக்கு வாழ்வு. காதலர்கள் நிறைந்த ஒரு மாலையில் நின்ற இடத்திலேயே நின்றேன். யாரை நொந்துகொள்வது?

மழை நாள் வேறு கதை. மின்னல் வந்தால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மொத்தக் கூட்டமும் கூரைக்குள் ஓடும் மம்மிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் பாயும். தனியாள் வரிசைக்கு மதிப்பு அதிகம் அப்போதுதான்.

இழப்பதும் உண்டு. எந்த இருக்கை என்று கேட்க முடியாது; முன்வரிசை ஆசையை மறந்துவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் பொது வரிசையே ஒரு ராணுவத் தளம் மாதிரி அமைத்து, திரைகளில் கதையைச் சொல்லிக்கொண்டே நம்மை நகர்த்துவார்கள். குறுக்கு வழியில் போனவனுக்கு அதில் பெரும்பகுதி கிடைக்காது. முதல் தடவை போகிறவர்கள் நின்றே போங்கள் என்பேன்.

நான் செய்த தவறு ஒன்று. அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மம்மிக்கு வேண்டிய 122 சென்டிமீட்டரை எட்டிவிட்டான் என்ற பெருமையில் அவனையும் இந்த வரிசையில் இழுத்துக்கொண்டு போனேன். அடுத்தடுத்த இருக்கை கிடைக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் அவன் முன் வண்டியில், முன்பின் தெரியாத மூவரோடு. நான் இறங்கியபோது சுவரோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். “மாமா, நீங்க ஏன் கூட வரலை?” அன்று ஐஸ்கிரீம் இரண்டு.

வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் எட்டு நண்பர்கள் இந்த வரிசையில் புகுந்து, ஏறுமிடத்தில் “நாங்கள் ஒரே கூட்டம், சேர்த்து உட்கார வையுங்கள்” என்று சண்டை பிடித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் இரண்டு வண்டிகள் காலி இருக்கையோடு கிளம்பிப் போயின. அதில் ஓர் இருக்கை எனக்கு வர வேண்டியது!

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: பலகையில் 20 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் பொது வரிசை, அம்மா கூட வந்தால் கட்டாயம் பொது வரிசை. மற்ற நாளில் பையைக்கூட எடுத்துப் போவதில்லை. கோஸ்டருக்கு முன் லாக்கரில் வைத்து எடுப்பதற்குள் மிச்சம் பிடித்த நேரம் அதில் போய்விடுகிறது. அக்கா மகன் இப்போது என்னைவிட உயரம். போன மாதம் நான் மம்மி வாசலை அடைவதற்குள் கைப்பேசியில் செய்தி வந்தது: “ரெண்டு ரவுண்டு முடிச்சாச்சு மாமா. நீங்க எங்கே?”