மண்ணடி நோட்டா, கார்டா, கியூஆரா: வெளிநாட்டில் எதில் செலவழித்தால் மிச்சம்?

சென்னை விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேரலாம். வழியில், பணம் மாற்றும் கடைகள் நிறைந்த மண்ணடி ஸ்டேஷன் வரும். ஆனாலும் திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் கிளம்புகிற பலர் மண்ணடியைத் தாண்டிப் போய், விமான நிலையக் கவுண்டரில் அவசரத்துக்கு டாலர் வாங்குகிறார்கள். இருக்கிற வழிகளிலேயே அதிகம் கடிக்கிற வழி அதுதான்.

'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பியே பலரும் ஏமாறுகிறார்கள். காசிமேட்டில் மீனுக்கு ஒரு விலை, வெட்டித் தர ஒரு கூலி என்று தனித்தனியாகச் சொல்வார்கள். பணம் மாற்றுகிற தொழிலில் வெட்டுக்கூலி மீன் விலைக்குள்ளேயே இருக்கும். அதனால் எந்த வழியாக இருந்தாலும் ஒரே அளவுகோல் போதும்: கட்டணம், வரி எல்லாம் சேர்த்து உங்கள் கையைவிட்டுப் போன மொத்த ரூபாயை, கைக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை, அந்த நேரத்தில் கூகுள் காட்டும் நடுச்சந்தை விலையோடு (சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள விலை) ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கொடுக்கும் நிஜக் கமிஷன்.

ஒரு கணக்கு போடுவோம். சிங்கப்பூர் டாலரின் நடுச்சந்தை விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேவை 1,000 டாலர். அசல் மதிப்பு 70,000 ரூபாய்.

மண்ணடியில் விலை விசாரித்து 71 ரூபாய்க்கு நோட்டாக வாங்கினால் 71,000. அதன்மேல் ஜிஎஸ்டி. இது முழுத் தொகைக்கும் 18 சதவீதம் இல்லை, பயப்பட வேண்டாம். 1 லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதற்கு மட்டும் 18 சதவீதம் போடுவார்கள். 71,000க்கு 128 ரூபாய் வரும். மாற்றுவது 25,000க்குக் குறைவாக இருந்தாலும் குறைந்தபட்சம் 45 ரூபாய் உண்டு. ஆக மொத்தம் 71,128.

அதே நோட்டை விமான நிலையத்தில் 75 ரூபாய் விலையில் வாங்கினால் வரியோடு 75,135.

சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீத மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூட்டிப் போடும் கட்டணம்), அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். மொத்தம் 72,891.

சாதாரண டெபிட் கார்டில் ஏடிஎம்மில் ஐந்து தடவை இருநூறு இருநூறாக எடுத்து, அதே 4.13 சதவீதத்தோடு வங்கி தடவைக்கு 150 ரூபாயும் வரியும் பிடித்தால் 73,776. அங்குள்ள ஏடிஎம் தன் பங்குக்குக் கேட்பது தனி.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் 70.90 விலையில் ஏற்றி, ஏற்றுக்கூலி 150 என்று வைத்தால் வரிகளோடு 71,205.

மார்க்கப் இல்லாத கார்டு என்றால் 70,000க்கு மேல் சில நூறு ரூபாய்தான் கூடும். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விலைக்கும் நடுச்சந்தைக்கும் உள்ள சின்ன வித்தியாசம் அது.

எனவே தேய்க்கிற இடத்தில் மார்க்கப் இல்லாத கார்டு, தேய்க்க முடியாத இடத்துக்கு மண்ணடி நோட்டு. இந்தக் கூட்டணியை மற்ற எதுவும் லேசில் ஜெயிக்காது. ஆனால் ஒரே ஒரு தப்பான பொத்தான் இந்த மிச்சம் முழுவதையும் தின்றுவிடும்.

அந்தப் பொத்தான்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் 100 டாலருக்குச் சாமான் வாங்குகிறீர்கள். கார்டை மெஷினில் செருகியதும் திரையில் இரண்டு வரி வரும்: ஒன்று எஸ்ஜிடி 100.00, இன்னொன்று ஐஎன்ஆர் 7,420.00. ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். கல்லாவில் இருப்பவர் நமக்கு உதவுவதாக நினைத்து அதையே அமுக்கிவிடுவார். நடுச்சந்தைக் கணக்கில் அது 7,000 ரூபாய்ப் பொருள். மீதி 420 ரூபாய், கடையின் வங்கியும் இடைத்தரகு நிறுவனமும் பங்குபோட்டுக்கொள்வது. டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று இதைச் சொல்வார்கள். உங்கள் கார்டில் மார்க்கப் இல்லை என்பது இங்கே உதவாது. மாற்றும் வேலை உங்கள் வங்கிக்கு வருவதற்கு முன்பே கடையில் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணமும் போடும்.

எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கார்டைக் கொடுக்கும்போதே "லோக்கல் கரன்சி" என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் கடையை விட்டு இறங்குவதற்கு முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஹோட்டலுக்கு வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஏடிஎம்மில் இதே வலை வேறு வேஷத்தில் இருக்கும். 'அக்செப்ட் கன்வெர்ஷன்', 'டிக்ளைன் கன்வெர்ஷன்' என்று கேட்கும். டிக்ளைன் அமுக்கினால் பணமே வராதோ என்று பயந்து நிறைய பேர் அக்செப்ட் அமுக்குகிறார்கள். டிக்ளைன் என்றால் ரூபாய்க் கணக்கு வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். நோட்டு வழக்கம்போல வெளியே வரும்.

நோட்டு வாங்கும் முறை

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் பணம் மாற்றும் கடைகள் அடுத்தடுத்து இருப்பதுதான் நமக்கு லாபம். மூன்று கடையில் விலை கேட்க அதிக நேரம் ஆகாது. பலகையில் உள்ள பையிங் விலை அவர்கள் வாங்குவதற்கு, செல்லிங் விலை நமக்கு விற்பதற்கு. பலகை விலை கடைசி விலை இல்லை. "பாய், எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு எவ்ளோ ஆவும்?" என்று மொத்தத்தைக் கேளுங்கள். 'ரேட் என்ன' என்று கேட்டால் ரேட்டைக் குறைத்துச் சொல்லி, சர்வீஸ் சார்ஜில் பிடிப்பார்கள்.

வார நாளில் மதியத்துக்குள் போவது நல்லது. சனி, ஞாயிறு வங்கிச் சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் கடைக்காரர் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் தொங்குகிற கடையில் மட்டும் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், தேவைப்பட்டால் விசா நகல் கேட்பார்கள். இதெல்லாம் வேண்டாம், ரெண்டு ரூபாய் கம்மி என்று பர்மா பஜார் ஓரத்தில் யாராவது கூப்பிட்டால் அது சட்டவிரோதம். பில் கிடையாது. கள்ளநோட்டு வந்தால் கேட்க ஆள் கிடையாது. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, செக்கோ டெபிட் கார்டோ வேண்டும். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கலாம். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் தருவார்கள். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு இந்த உச்சவரம்பில் விலக்கு உண்டு.

உம்ரா போகிறவர்களுக்கு இன்னொரு சோதனை கைவசம் இருக்கிறது. சவுதி ரியால் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்டது. டாலர் விலையை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் நியாய விலை வந்துவிடும். கடையில் டாலர் 91 ரூபாய் என்றால் ரியால் 24.27க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 25.20 என்று சொன்னால் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். அடுத்த கடைக்கு நடங்கள். துபாய் திர்ஹாமுக்கு 3.6725ஆல் வகுக்க வேண்டும்.

டாலரை வாங்கி அங்கே போய் இன்னொரு தடவை மாற்றுவது இரண்டு முறை வெட்டுக்கூலி. சிங்கப்பூர் டாலர், ரிங்கிட், பாட், ரியால், திர்ஹாம் எல்லாம் இங்கேயே கிடைக்கும்போது அமெரிக்க டாலர் சுற்று வழி. டாலர்தான் எடுத்துப் போக வேண்டும் என்றால் மடிப்பு, கிறுக்கல், முத்திரை இல்லாத புது வரிசை 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பல நாடுகளில் சின்ன நோட்டுக்கு விலை குறைவு, சின்னத் தலை போட்ட பழைய நோட்டை வாங்கவே மாட்டார்கள்.

கார்டில் வரும் கோளாறுகள்

இறங்கிய முதல் மணி நேரத்தில் கார்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வங்கி ஆப். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வரும். ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைன், தட்டிக் கொடுப்பது என்று தனித்தனி சுவிட்சுகள். எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே திறந்து, வரம்பையும் வைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டுக்கு ரகசிய எண் (பின் நம்பர்) போட்டுக்கொள்ளுங்கள், ஐரோப்பிய ரயில் டிக்கெட் மெஷின்கள் அதைக் கேட்கும். ஓடிபி வர நம்மூர் சிம்மில் ரோமிங் திறந்திருக்க வேண்டும்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போடவே போடாதீர்கள். எடுத்த தொகைக்குக் கட்டணமும், அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும் வட்டியும் சேர்ந்துகொள்ளும். ஏடிஎம்முக்கு மார்க்கப் இல்லாத டெபிட் கார்டுதான் சரி. அப்போதும் சில நாடுகளில் உள்ளூர் வங்கி தனியாகப் பிடிக்கும். தாய்லாந்தில் ஒரு தடவைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல். எனவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

ஹோட்டல் முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் அவர்கள் முடக்கும் தொகை உங்கள் சொந்தப் பணம், விடுபடப் பல நாள் ஆகும்.

சிங்கப்பூர் மெட்ரோவான எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் சென்ட் நிர்வாகக் கட்டணம். ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் ஒரு மாதம் தங்குகிறவர் அங்கேயே பயண அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

ஃபாரெக்ஸ் கார்டு, யுபிஐ

ஃபாரெக்ஸ் கார்டின் ஒரே நிஜமான பலம், இன்றைய விலையைப் பூட்டி வைப்பது. ரூபாய் சரிகிற காலத்தில் அது பெரிய விஷயம். பலவீனம், ஏற்றிய பணத்தைத் தவிர வேறு பணத்தில் செலவழித்தால் குறுக்கு மாற்றுக் கட்டணம். மலேசியா போகிறவர் டாலரை ஏற்றிக்கொண்டு போனால், மிச்சம் பிடிக்க வாங்கிய கார்டே சாதாரண கிரெடிட் கார்டைப் போலக் கடிக்கும். ரிங்கிட்டையே ஏற்றுங்கள். மீதியைத் திரும்ப ரூபாயாக்கும்போது பையிங் விலையில்தான் எடுப்பார்கள், ஆகவே அளவாக ஏற்றுங்கள்.

கியூஆரை ஸ்கேன் செய்து கட்டும் யுபிஐ இப்போது இலங்கை, சிங்கப்பூர், அமீரகம், நேபாளம், பூட்டான், மொரீஷியஸ், பிரான்ஸ் என்று சில நாடுகளில் குறிப்பிட்ட கடைகளில் ஓடுகிறது. ஆப்பில் வெளிநாட்டு யுபிஐயைத் தனியாகத் திறக்க வேண்டும். பின் நம்பர் போடும் முன் திரையில் ரூபாய்த் தொகை தெரியும். அங்கேயே நம் வகுத்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள். நம்மூர் சிம்மைக் கழற்றினால் சில ஆப்கள் மறுபடி எஸ்எம்எஸ் சரிபார்ப்பு கேட்டு நின்றுவிடும். இதை மட்டும் நம்பிப் போக இன்னும் காலம் வரவில்லை.

வெளிநாட்டுப் பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிசிஎஸ் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து, ஒருவர் ஒரு நிதியாண்டில் நோட்டு, ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு என்று 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் அதற்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம் பிடிப்பார்கள். அதையும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம்.

திரும்பி வந்ததும் மீந்த நோட்டை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும், 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. மாற்றும்போது வாங்கிய பில்லைக் கொண்டுபோனால் பேரம் பேசக் கொஞ்சம் வசதி. சில்லறைக் காசை மட்டும் மண்ணடியில் எடுக்க மாட்டார்கள். கடைசி நாள் விமான நிலையக் கடையில் காசு முழுவதையும் கொடுத்துவிட்டு, மீதித் தொகையைக் கார்டில் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள்.