கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியா, வீட்டிலேயே ஸ்வாபா? கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் நான் எடுத்த முடிவு

எனக்கு 43 வயது, வீடு கொருக்குப்பேட்டையில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஆறு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, போன தை மாதம் வீட்டிலேயே நானே மாதிரி எடுத்து லேபுக்குக் கொடுத்தேன். தெரிந்தவுடன் தெருவில் இரண்டு மூன்று பேர் எது நல்லது என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழிகள் மூன்று. முதலாவது வி.ஐ.ஏ. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, எங்காவது வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். கார்ப்பரேஷன் சுகாதார மையத்தில் இலவசம், முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது பாப் ஸ்மியர். செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதைப் பற்றி. மூன்றாவது எச்.பி.வி. டெஸ்ட். இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லோருக்கும் எச்.பி.வி. என்ற வைரஸால்தான் வருகிறது, அதனால் வைரஸ் இருக்கிறதா என்றே தேடுகிறார்கள். நாமே மாதிரி எடுக்க முடிவது இதற்கு மட்டும்தான்.

வி.ஐ.ஏ.வை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அதை ஒரே ஒரு முறை செய்ததிலேயே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வு அது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. டெஸ்ட்டை ஒரே முறை செய்தபோது சாவு பாதியளவுக்குக் குறைந்ததாக 2009இல் வந்தது. அங்கே மாதிரி எடுத்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். ஆனால் லேபில் பி.சி.ஆர். முறையில், அதாவது வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்த்து, சோதித்தால் நாமே எடுத்த மாதிரியும் டாக்டர் எடுத்ததற்கு ஏறக்குறைய சமம்தான். உலக சுகாதார நிறுவனமும் 2021இல் இதைப் பரிந்துரைத்துவிட்டது.

சரி, இலவசமாக, நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கும்போது காசு கொடுத்து ஏன் வீட்டிலேயே மாதிரி எடுக்கும் கிட் வாங்க வேண்டும்? நான் போகவில்லை, அதுதான் காரணம். தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மற்ற தொண்ணூறு பேரில் ஒருத்தியாகத்தான் நானும் இருந்தேன். அந்த மையத்தில் இருக்கும் நர்ஸ் எங்கள் தெருக்காரர். நல்ல மனுஷி, காலையில் தண்ணீர் லாரிக்கு என் பக்கத்தில்தான் குடத்தோடு நிற்பார். அவர் முன்னால் எப்படிப் படுப்பது என்ற கூச்சத்திலேயே வருடங்கள் ஓடின. அதோடு, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனையில் திரையைக்கூட இழுத்துவிடாமல் கர்ப்பப்பை வாயைப் பார்க்க உள்ளே விடும் அந்த இரும்புக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். வலி மறந்துவிட்டது, திரை மறக்கவில்லை. எங்கள் அக்காவுக்கு வேறு கஷ்டம். காசிமேட்டில் மீன் விற்கிறாள், காலை வியாபாரம் போனால் அன்றைய காசு போச்சு. மையம் திறந்திருக்கும் நேரமும் அவள் வியாபார நேரமும் ஒன்று.

எந்த டெஸ்ட் நுட்பமானது என்பதைவிட எதை நாம் உண்மையில் செய்து முடிப்போம் என்பதுதான் பெரிது. செய்யாத டெஸ்ட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்வாப் என்கிற நீளமான பஞ்சுக்குச்சியை இரண்டு மூன்று அங்குலம் உள்ளே விட்டு, சொன்ன நேரம் மெதுவாகச் சுழற்றி, குழாயில் போட்டு மூடினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலியும் இல்லை. கர்ப்பப்பை வாயைத் தேடித் தொட வேண்டியதில்லை, அந்த இடத்து நீர் பட்டாலே போதும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் எடுக்கக் கூடாது. அக்கா ராத்திரி கடை எடுத்துவைத்துவிட்டு வந்து எடுத்தாள்.

எனக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. இனி ஐந்து வருடம் கழித்துத்தான். அதனால் வைரஸ் இருந்தால் என்னவாகும் என்பதை அக்காவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவளுக்கு இருக்கிறது என்று வந்தது. அன்றிரவு அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்க மாமாவைச் சந்தேகப்படணுமாடி?" என்பதுதான். இது உடலுறவில் பரவுவது உண்மை. ஆனால் பல வருடம் முன்னால் வந்தது இப்போது தெரியலாம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வைரஸ் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும், வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் ஆபத்து. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

அப்புறம், அவள் எதைத் தவிர்க்க நினைத்தாளோ அந்தப் படுக்கையில் படுக்கத்தான் வேண்டியிருந்தது. நாமே எடுத்த மாதிரியை வைத்து வைரஸை மட்டும்தான் சொல்ல முடியும், கர்ப்பப்பை வாயில் மாற்றம் இருக்கிறதா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். ராயபுரத்தில் இருக்கும் அரசு மகப்பேறு மருத்துவமனையான ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கு நானே அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு மாற்றம் எதுவும் இல்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள் என்றார்கள். கிட் வாங்குகிறவர்கள், வைரஸ் இருந்தால் எங்கே போவது, யாரைத் துணைக்கு அழைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அந்தத் துணிச்சல் இல்லையென்றால், பார்த்த கையோடு முடிவு சொல்லும் வி.ஐ.ஏ.வே உங்களுக்குச் சரி. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் வி.ஐ.ஏ. அவ்வளவு நம்பகமில்லை, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுகிறது.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் எது இருந்தாலும் கிட்டை நினைக்காமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

அக்காவுக்கு வருகிற தை மாதம் மறு டெஸ்ட். அதற்கும் ஸ்வாப்தான் வேண்டும் என்கிறாள். ஆர்.எஸ்.ஆர்.எம். சீட்டைத் தன் வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று என் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.