அரிச்சுவடியா, நூலகப் புத்தகமா, செல்போனா?

என் மகளுக்கு ஐந்து வயது. தமிழ் வாசிக்கப் பழக்க மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று.

முதலில் அரிச்சுவடி. 247 எழுத்து என்றாலே நமக்கு மலைப்பு. ஆனால் 12 உயிர், 18 அகர வரிசை எழுத்து, அப்புறம் புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி முடிந்தது. கு, டு, மு, து என்று ஆளுக்கொரு பக்கம் வளையும் உகர வரிசைதான் படுத்தும். கொம்பும் அப்படித்தான்: எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இதற்கெல்லாம் அரிச்சுவடியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தனியாக 'கெ' காட்டினால் அவள் "க, கா, கி, கீ" என்று முதலிலிருந்து ஓட்டி வந்துதான் நிற்பாள். அது வாய்ப்பாடு, வாசிப்பு இல்லை.

கிளை நூலகத்திலிருந்து படக்கதைகள் எடுத்துவந்த பிறகுதான் விஷயம் மாறியது. ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, வரியில் விரலை வைத்து "பூனை" என்றாள். அச்சில் இருந்தது 'பூனைக்குட்டி'. விரல் பாதியிலேயே நின்றது. "அம்மா, இன்னும் எழுத்து மீதி இருக்கே?" எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

இன்னொன்று, 'க' ஒரே எழுத்துதான்; கடலில் ஓர் ஒலி, தங்கத்தில் ஒன்று, முகத்தில் ஒன்று. சுவடியில் இதற்குப் பாடம் கிடையாது. கதையில் தப்பாக வாசித்தாலும், தெரிந்த சொல் என்பதால் அவளே திருத்திக்கொள்கிறாள்.

நூலகத்தில் தலைவலியும் உண்டு. அலமாரியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகமும் பொடி எழுத்துப் புத்தகமும் கலந்து கிடக்கும். நாமேதான் பொறுக்க வேண்டும். ஒருமுறை பழைய புத்தகம் ஒன்றில் 'லை' யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவத்தில் இருந்தது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. அவள் விழித்தாள், பாட்டி சரளமாக வாசித்தார். அரைமணி நேரம் இருவருக்கும் அதே விளையாட்டு. ஆனாலும் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு இப்படிப்பட்டதை எடுக்காதீர்கள்.

ஒரே புத்தகத்தை மூன்று முறை புதுப்பித்தோம். மனப்பாடம் ஆகிவிடாதா என்பார்கள். ஆகட்டுமே. படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

செல்போனுக்கு வருவோம். குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நான்கு நிலைகளாகப் பிரித்தும் இருக்கின்றன. நூலக அலமாரியில் இல்லாத வசதி அது. ஆனால் திரையில் வாசித்துக்காட்டும் குரல் வந்ததும் என் மகள் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், கட்டைவிரல் மட்டும் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. முதல் நிலைக் கதைகளை அச்செடுத்து ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தேன், அதை வாசிக்கிறாள். பக்கத்தில் நூலகம் இல்லாதவர்களுக்கு இது போதும்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நூலகம் என்பேன். எங்கள் வீட்டில் அரிச்சுவடியை இன்னும் தூக்கிப் போடவில்லை. 'ஞ', 'ஙு' என்று எங்காவது முட்டினால் மட்டும் பிரிக்கிறோம். 'ஙு' இதுவரை எந்தக் கதையிலும் வரவில்லை என்பது வேறு விஷயம்.