மிஞ்சும் காற்றாலை மின்சாரம்: வாயுவாக்குவதா, பேட்டரியில் வைப்பதா?

வட ஜெர்மனியில் காற்று பலமாக வீசும் நாளில் காற்றாலைகளை நிறுத்தி வைப்பது வழக்கம். தெற்கே கொண்டுபோக மின்பாதை போதாது. ஓடாத காற்றாலைக்கும் இழப்பீடு உண்டு. அது கடைசியில் வீட்டு மின்கட்டணத்தில்தான் வந்து விழுகிறது. சரி, மிஞ்சியதை என்ன செய்யலாம்?

இழப்பு
பேட்டரி: 100 யூனிட் போட்டால் 85 அளவில் திரும்பி வரும்.
வாயு: தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன், அதிலிருந்து மீத்தேன், எரித்து மறுபடி மின்சாரம். மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது.

எத்தனை நாள் தாங்கும்
பேட்டரி: சில மணி நேரம்.
வாயு: மாதக்கணக்கில். வெயிலும் காற்றும் சேர்ந்து கைவிடும் குளிர்கால நாட்களுக்கு ஜெர்மானியர் ‘டுங்கல்ஃப்ளாவுட்ட’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். அப்போது கைகொடுக்க, வாயுவைச் சேர்த்து வைக்கும் நிலத்தடி உப்புக் குகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன்தான், அதனால் குழாயையோ அடுப்பையோ மாற்ற வேண்டாம். வெர்ல்டெ என்ற ஊரில் 2013-ல் ஆடி கார் நிறுவனம் தொடங்கிய 6 மெகாவாட் ஆலை, பக்கத்து உயிரி எரிவாயு (பயோகேஸ்) ஆலையின் கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் மீத்தேன் செய்தது.

ஊருக்குச் சுமை
பேட்டரி: லித்தியம் சுரங்கத்தின் பாதிப்பு பெரும்பாலும் வேறு நாட்டு மக்களுக்கு.
வாயு: மீத்தேன் கசிந்தால் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு சூடேற்றும்.

பகல் வெயிலை ராத்திரிக்கு வைக்கப் பேட்டரி போதும். அதற்கு வாயு வீண்செலவு. கோடையில் சேர்த்து ஜனவரியில் எடுக்க வேண்டுமென்றால் வாயு. ஹைட்ரஜனே தேவைப்படும் உரத் தொழிற்சாலைக்கோ, மீத்தேன் வரை போகாமல் ஹைட்ரஜனோடு நிறுத்திக்கொள்வதே மலிவு.